பௌர்ணமி டூட்டி

அடி அண்ணாமலை
9.10.2025, வியாழன்

புகழேந்திக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜில் தடை செய்துவிட்டாய். நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த ஆன்லைன் விளையாட்டுக் குழுவிலிருந்தே என்னைத் தூக்கிவிட்டாய். உங்கம்மாவிடம் உன் ஓசூர் ஹாஸ்டல் முகவரியைக் கேட்டு வாங்கி, தபாலாபீஸில் வரிசையில் நின்று இதை அனுப்புகிறேன். தபால்காரரை எப்படித் தடை செய்கிறாய் என்று பார்க்கலாம்.

நடந்ததை நான் மாறன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் நின்றுவிடும் என்று ஆதிமூலம் சார் இ-சேவை மையத்தை மதியமே பூட்டிவிட்டார். நான் வந்து கிரிவலப் பாதையில் அப்பா போட்டிருந்த மோர்க்கடையில் நின்றேன். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் நம் ஊரில் டவர் படுத்துவிடும், ஒரு 'ஹலோ' கூட வெளியே போகாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய் காலையில் சிக்னல் வந்தபோது என் விளையாட்டுக் கணக்கு என்னிடம் இல்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் என் பெயரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மெசேஜ் போயிருக்கிறது. செங்கம் ரோடு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிற நம்ம மாறன் அதைக் காட்டினான்.  "எழில் பேசறேன். உங்க பொருள ஒரு தடவ செக் பண்ணணும், இந்த லிங்க்ல லாகின் பண்ணுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

'நான் இருக்கேன்ல' என்பது என் வார்த்தை. ஒவ்வொரு பரிமாற்றத்தின்போதும் இரண்டு தரப்புக்கும் நான் அடிக்கும் வார்த்தை. மூன்று வருஷமாக இந்த விளையாட்டில் வாளும் கவசமும் மாற்றிக்கொள்ள வரும் அறுநூறு பேரும், பொருளை முதலில், இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் 'நடுக்கை'யான என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் எதிராளியிடம் பேசுவார்கள். என் கணக்கைப் பிடித்த பாட், ஆள் மாதிரியே பேசுகிற அந்த மென்பொருள், என் பழைய பேச்சையெல்லாம் தோண்டி, என் வாயை எடுத்து வைத்துக்கொண்டு பேசியிருக்கிறது. லிங்கைத் தொட்டவர்களுக்கெல்லாம் கணக்கும் போச்சு, பொருளும் போச்சு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "எழில் பாஸ்வேர்ட் வேற யார்கிட்ட இருக்கு?" என்று குழுவில் கேட்டபோது நீ என்ன எழுதினாய்? "அவகிட்ட மட்டும்தான்."

ஏன் அப்படி எழுதினாய், புகழு? பௌர்ணமிதோறும் எனக்கு சிக்னல் இருக்காது என்று என் கணக்கை நீதானே ஓசூரிலிருந்து பார்த்துக்கொள்கிறாய்? அதற்குப் 'பௌர்ணமி டூட்டி' என்று பெயர் வைத்ததும் நீதான். அன்றைக்கு நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். உடனே எழுது.

எழில்

❖

ஓசூர்
11.10.2025, சனி

எழிலுக்கு,

உன் கடிதம் வந்தது. வார்டன் எல்லோர் முன்னாலும் வைத்துக் கொடுத்தார். இனிமேல் உறையின் மேல் பெரிய எழுத்தில் 'அவசரம்' என்று எழுதாதே.

நீ கோபமாக இருக்கிறாய். நியாயம்தான். ஆனால் நிதானமாக யோசித்துப் பார். குழுவின் முதல் விதி என்ன? பாஸ்வேர்டைக் கடவுளுக்கும் கொடுக்காதே. நான் எழுதிய விதி. உள்ளே வரும் ஒவ்வொருவரும் அதைப் படித்து 'சரி' என்று அடித்த பிறகுதான் சேர்த்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட குழுவை நடத்தும் இரண்டு பேரும் மூன்று வருஷமாக ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம் என்று நான் அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். குழுவைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன்.

உன்னை நீக்கியதும் அதற்குத்தான். உன் கணக்கு திருடன் கையில் இருந்தது. கதவைச் சாத்தாமல் என்ன செய்வது? உன் பெயரில் வரும் எதையும் நம்பக் கூடாது என்பதால்தான் போனையும் எடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஓவர்டைம். உன் கணக்கைத் திறக்கவே இல்லை. அதனால் எதையும் பார்க்கவில்லை.

நீ எங்கேயாவது, இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டரில், லாகின் செய்துவிட்டு மறந்திருப்பாய். யோசித்துப் பார். நாம் பகிர்ந்துகொண்ட விஷயத்தை மட்டும் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. நான் இங்கே ஃபேக்டரி லைனிலிருந்து கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற விண்ணப்பித்திருக்கிறேன். பாதுகாப்பு பற்றித்தான் வேலையே.

புகழேந்தி

❖

அடி அண்ணாமலை
13.10.2025, திங்கள்

புகழேந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ஏதோ சர்க்குலர் வந்த மாதிரி இருந்தது. சரி, குழுவின் கமிஷனர் ஐயா, இங்கே என்ன நடக்கிறது என்று நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று மதியம் மூன்று மணி. மையத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். ஒரு அம்மாவுக்கு வருமானச் சான்று போட்டுக்கொண்டிருந்தேன். சக்திவேல் உள்ளே வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற அதே சக்திவேல்தான். சவாரி இல்லாத நேரமெல்லாம் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு வருஷம் விளையாடி, அந்த நீலப்பிடி வாளை ஜெயித்தவர். வாளுக்குப் பெயர் வைக்கலாம் என்று விளையாட்டில் சொன்னதும் தன் பெண்ணின் பெயரை, யாழினி என்று, வைத்தவர். அந்தப் பெயரை எப்படி அடிப்பது என்று என்னிடம்தான் கேட்டார்.

"இன்னாம்மா, எம்பொண்ணு பேரு வச்ச வாளும்மா அது! வேற எவன் லிங்க் அனுப்பிச்சிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். நீ சொன்னியேன்னுதான தொட்டேன்? நான் இருக்கேன்லன்னு சொன்னியே, எங்கம்மா இருந்த?"

நான் அனுப்பவில்லை என்றேன். "உம் பாஸ்வேர்டு உங்கிட்ட மட்டும்தான இருக்குது? புகழேந்தியே எழுதிக்கீறாரு!" என்று கத்தினார். வருமானச் சான்றுக்கு உட்கார்ந்திருந்த அம்மா, கைரேகை வைக்க நீட்டியிருந்த விரலை இழுத்துக்கொண்டார். உண்மையாகவே இழுத்துக்கொண்டார், புகழு. அது என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

சக்திவேல் சனிக்கிழமையே போலீசில் புகார் கொடுத்துவிட்டாராம். எஸ்.பி. ஆபீஸ் சைபர் பிரிவில் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்னை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆதிமூலம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் உன்ன சந்தேகப்படலம்மா. ஆனா இங்க ஜனம் ஆதார் குடுக்குது, ஓடிபி சொல்லுது, வெரல வைக்குது. இந்த சீட்ல இருக்கறவங்க மேல ஒரு புகார் நின்னுச்சுன்னா கடையோட லைசென்ஸே போயிடும். வெள்ளிக்கிழமை உம்பேரு கிளியர் ஆகலன்னா, எனக்கு வேற வழி இல்ல." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

நீ சொன்ன மாதிரி மையத்துக் கம்ப்யூட்டரை யோசித்துப் பார்த்தேன். அதில் நான் அந்த விளையாட்டைத் திறந்ததே இல்லை.

அத்தனை பேர் முன்னாலும் வாய் வரைக்கும் வந்தது, 'புகழேந்தியிடமும் என் பாஸ்வேர்டு இருக்கிறது' என்று. நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக விழுங்கினேன். பத்து நாள்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு உன்னிடமும் இருந்தது என்று ஒரே ஒரு வரி குழுவில் போடு. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எழில்

❖

ஓசூர்
15.10.2025, புதன்

எழிலுக்கு,

சக்திவேல் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் சிவப்புக் கவசத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். அது அந்த வாளைவிட அரிதானது. கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட வரியை இப்போது போட முடியாது. போட்டால் 'அன்றைக்குக் கணக்கை யார் திறந்தது' என்று அடுத்த கேள்வி வரும். தேவையில்லாத குழப்பம். நீ கொஞ்ச நாள் ஒதுங்கியிரு. 'கணக்கு திருடுபோனது, வருந்துகிறேன்' என்று மட்டும் போலீசில் எழுதிக் கொடு. ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பாட் பிரச்சினை உலகம் முழுக்க இருக்கிறது, யாரும் உன்னைத் தூக்கிலா போடப் போகிறார்கள்?

இங்கே குழுவில் தினமும் நாற்பது, ஐம்பது புதுக் கணக்குகள் வருகின்றன. எல்லாம் பாட். முன்பெல்லாம் 'சாப்ட்டியா' என்று கேட்டால் ஆங்கிலத்தில் 'எனக்கு விருப்பம் உண்டு' என்று பதில் சொல்லி மாட்டிக்கொள்ளும். இப்போது 'ஆச்சு, நீ?' என்கிறது. தனியாளாக விரட்டிக்கொண்டிருக்கிறேன். தூக்கமே இல்லை. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

தீபாவளிக்கு ஊருக்கு வருவது சந்தேகம்.

புகழேந்தி

❖

அடி அண்ணாமலை
17.10.2025, வெள்ளி

புகழேந்தி,

'தேவையில்லாத குழப்பம்.' நல்லா இருக்குடா. ரொம்ப நல்லா இருக்கு.

நேற்று என் கணக்கு எனக்குத் திரும்ப வந்துவிட்டது. பத்து நாளாக அந்தக் கம்பெனிக்கு எழுதி எழுதி, என் அடையாள அட்டையைக் கையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பி, கடைசியில் கொடுத்தார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக எங்கெங்கே லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். கீழே எழுதுகிறேன், நீயே படித்துக்கொள்.

அக்டோபர் 6, மாலை 4.10. ஓசூர். உன் போன். மாடல் பெயர் வரைக்கும் போட்டிருக்கிறது.
அக்டோபர் 6, மாலை 4.42. அதே போனிலிருந்து க்யூஆர் ஸ்கேன் மூலம் அனுமதி.
அக்டோபர் 6, மாலை 4.43. எனக்குப் பெயர் கூட வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டு ஊர்.
4.50க்கு முதல் மெசேஜ்.

ஓவர்டைமா? கணக்கைத் திறக்கவே இல்லையா?

திறந்தது நீ. ஸ்கேன் செய்தது நீ. கதவைத் திறந்து திருடனை உள்ளே விட்டுவிட்டு, தெருவில் நின்று என்னைத் திருடி என்று கை காட்டியதும் நீ. அந்த பாட் ஒரு இயந்திரம், அதற்கு மனசாட்சி கிடையாது. உனக்கு என்ன வந்தது?

இந்தப் பட்டியலை நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. காட்டினாலும் 'ஓசூர் போன்' என்றுதான் இருக்கிறது. பாஸ்வேர்டை நானே உனக்குக் கொடுத்து வைத்தேன், நாம் கூட்டு என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதனால் எனக்கு உன் கையெழுத்து வேண்டும். என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, 24ஆம் தேதிக்கு முன்னால் எனக்கு வந்து சேர வேண்டும்.

நேற்று ராத்திரி அழுதேன் என்று எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். அழுதேன். கணக்கு போனதற்கு அழவில்லை.

எழில்

❖

ஓசூர்
21.10.2025, செவ்வாய்

எழில்,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. பிரித்துப் படித்துவிட்டு மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். ஹாஸ்டலே தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டது. நான் மட்டும் இருக்கிறேன்.

பொய் சொன்னேன். எல்லாவற்றிலும் பொய் சொன்னேன்.

அன்றைக்கு நான் பௌர்ணமி டூட்டியில்தான் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து உன் கணக்கைத் திறந்தேன். ஒரு மெசேஜ் வந்தது. விளையாட்டுக் கம்பெனியின் அதிகாரி என்று போட்டிருந்தது, முத்திரை எல்லாம் அப்படியே இருந்தது. 'எழில் என்ற உங்கள் கணக்கின் மீது திருட்டுப் புகார் வந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் நிரந்தரமாக மூடப்படும். உங்களிடம் இருக்கும் பிறருடைய பொருட்களும் அழிக்கப்படும். புகார் தவறு என்றால் இதை ஸ்கேன் செய்யவும்.' உன்னிடம் அப்போது மூன்று பேருடைய பொருள் நடுக்கையில் இருந்தது. 

உனக்கு ஆறு தடவை போன் போட்டேன். பௌர்ணமி. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் டூட்டியில் உன் கணக்கு போய்விடக் கூடாது என்று ஒரே பதற்றம். இந்த மாதிரி ஸ்கேனைத் தொடாதே என்று படம் போட்டு விளக்கி அறுநூறு பேருக்கு எழுதியவன் நான். அதே நான் தொட்டேன். அடுத்த நிமிஷம் என்னை வெளியே தள்ளிவிட்டது.

முதலில் உண்மையைத்தான் எழுத நினைத்தேன். 'எழில் கணக்கிலிருந்து வரும் லிங்கைத் தொடாதீங்க' என்று எழுதினேன். உடனே ஒருவன் "எழில் பாஸ்வேர்ட் வேற யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டான். இன்னொருவன் "கமிஷனர் இருக்கும்போது எப்படிப்பா நடந்துச்சு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. 'அவகிட்ட மட்டும்தான்' என்று அடித்துவிட்டேன். அடித்த பிறகு அழிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஐம்பது பேர் படித்துவிட்டார்கள்.

பாட் உன் வாயால் பேசியது என்று எழுதியிருந்தாய். நான் என் சொந்த வாயாலேயே பேசினேன். அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

நீ கேட்டதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், எழில். கம்ப்யூட்டர் பிரிவுக்கு நேர்முகத் தேர்வு நவம்பர் மூன்று. போலீஸிலிருந்து கம்பெனிக்கு ஒரு போன் வந்தால் முடிந்தது. நாலு வருஷமாக லைனில் நின்று கால் வீங்கிப்போய் இதற்காகக் காத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ உன் பட்டியலை மட்டும் காட்டிச் சமாளித்துவிட முடியுமா? இந்தத் தாளை வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கொடு. நேர்முகத் தேர்வு முடிந்ததும் நானே வந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அம்மாவைப் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

புகழு

❖

அடி அண்ணாமலை
24.10.2025, வெள்ளி

புகழேந்திக்கு,

தீபாவளி நோன்பு அன்றைக்கு உங்கம்மா அதிரசம் கொண்டுவந்தார். "புகழு வரலியாம், லீவு குடுக்கலியாம், பாவம். நீயாவது துன்னு" என்றார். நீ நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன். அப்போது உன் கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. தெரியாமலே சொல்லிவிட்டேன்.

கடிதம் நேற்று வந்தது. உன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி, நீ ஆறு தடவை போன் போட்டதைப் படித்ததும் போய்விட்டது. அதை நான் மறைக்கவில்லை. அன்றைக்கே நீ 'நான்தான் தொட்டுவிட்டேன், பதறிவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், உன் பக்கத்தில் நின்று அறுநூறு பேரிடமும் நான் சண்டை போட்டிருப்பேன். தொட்டதை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். நானாக இருந்தாலும் தொட்டிருப்பேன்.

காலையில் பட்டியலை மட்டும் காட்டலாம் என்றுதான் போனேன் என்றால் நம்புவாயா? உன் தாள் கைப்பையில் மடித்து வைத்தபடி இருந்தது. கொடுக்க வேண்டாம் என்றுதான் எஸ்.பி. ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன்.

உள்ளே சக்திவேல் இருந்தார். மாறனும் சாட்சிக்கு வந்திருந்தான். ஆதிமூலம் சார் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. மேடம் பட்டியலைப் பார்த்தார். "இந்த ஓசூர் போன் யாருது?" என்றார்.  திரும்பவும் கேட்டார். "இங்க பாருங்க, உங்க கணக்கு இன்னொருத்தர் போன்ல இருந்திருக்கு. அவரு யாருன்னு தெரியும், ஆனா சொல்ல மாட்டேங்கறீங்க. அப்ப ரெண்டு பேரும் சேந்து பண்ணதுன்னுதான் நான் எழுதணும்." சக்திவேல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

வேறு வழி இல்லை என்றால் கொடு என்றாய். வேறு வழி இல்லை. கொடுத்துவிட்டேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். சக்திவேலுக்கும் படித்துக் காட்டினார். அவர், "ஜாஸ்தி பேசிட்டேம்மா, மனசுல வச்சிக்காத" என்றார். ஆதிமூலம் சார் நாளைக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். என் பெயர் கிளியர் ஆகிவிட்டது.

உன் பெயரை எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமை உன்னைக் கூப்பிடுவார்கள். திருடியவன் நீ இல்லை, ஏமாந்தவன் என்று மேடமே சொன்னார். அதனால் பயப்படாதே. கம்பெனிக்கு அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். கடைசியில் மேடம் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தாளில் இருப்பது உன் கையெழுத்துதான் என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதில் ஒரு கட்டம், உனக்கும் எனக்கும் என்ன உறவு என்று. "ஃப்ரெண்டுன்னு போட்டுக்கட்டுமா?" என்று பேனாவோடு காத்திருந்தார்.  மாறன் என்னையே பார்த்தான்.

"தெரிஞ்சவருன்னு போடுங்க மேடம்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

எழில்